கையெழுத்தில்லாத பேச்சுவார்த்தை

இந்த வாரம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப்ல வந்த மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சு வச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விசயம்தானுங்க, கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சருங்களுக்கு கூட்டு பேர உரிமை, அதாவது சங்கமா உக்காந்து பேரம் பேசி ஒப்பந்தம் போடற உரிமை, இருக்குதா இல்லையா, இல்லைன்னா ஏன் இல்லை. அதனால இந்த வாரம் பூராவும் அதுக்கே குடுத்துட்டேன். பேரு போட வேண்டாம்னு எல்லாரும் கேட்டுக்கிட்டதால ஊரை மட்டும் போட்டிருக்கேன். நான் 34 வருசம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில வேலை பாத்தவ, சங்கத்துல வட்டாரப் பொருளாளர் வரைக்கும் இருந்தவ, அதனால நான் எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும், அதை மறைச்சு எழுத எனக்கு வராதுங்க.

கேள்வி: டீச்சரக்கா, வணக்கமுங்க. எங்க வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில டெய்லர். அவங்களுக்கு மூணு நாலு வருசத்துக்கு ஒருக்கா முதலாளிங்க சங்கமும் தொழிற்சங்கமும் உக்காந்து பேசி சம்பள ஒப்பந்தம் போடறாங்க, பேப்பர்லயும் வருது. "நீ கவர்மெண்ட் டீச்சரு, உங்க சங்கம் எத்தனை பெருசு, உங்களுக்கு ஏன் அப்பிடி ஒரு ஒப்பந்தம் இல்லை"ன்னு கேக்கறாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியலீங்க.
— இடைநிலை ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்க ஊட்டுக்காரர் கேட்டது நெம்ப சரியான கேள்வி கண்ணு, அதை சங்கக் கூட்டத்துல நம்ம ஆளுங்களே கேட்டு நான் பாத்ததில்லை.

திருப்பூர்ல அந்த ஒப்பந்தம் சும்மா வரலீங்க. 1984ல பஞ்சப்படி (விலைவாசி ஏறறதுக்குத் தக்கபடி தர்ற படி) கேட்டு 127 நாள் ஸ்ட்ரைக் நடந்துச்சு. 127 நாள்னா நாலு மாசத்துக்கு மேல, அடுப்பு எரியாத வீடு எத்தனை இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் பஞ்சப்படின்னா என்னன்னு அந்த ஊர்ல சின்னக் கொழந்தைக்கும் தெரியும். இன்னைக்கு ஒப்பந்தம் போட்டா மொத வருசம் இத்தனை பர்சண்ட், ரெண்டாம் வருசம் இத்தனை, பயணப்படி இத்தனைன்னு தாளில ஏறுது, ரெண்டு பக்கமும் கையெழுத்து விழுகுது. சோமனூர், பல்லடம் பக்கம் ஜாப் ஒர்க் விசைத்தறிக்காரங்களும் கூலி உயர்வுக்கு கலெக்டர் ஆபீஸ்ல முத்தரப்பு பேச்சுவார்த்தைக்கு உக்காருவாங்க. போட்ட கூலியை ஜவுளிக்காரங்க தரலைன்னு அவங்க மறுபடி தறியை நிறுத்தறதும் நடக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா "இந்தா பாரு, இன்ன தேதியில ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டிருக்கே"ன்னு நீட்டறதுக்கு அவங்க கையில ஒரு தாள் இருக்குது. தொழில் தகராறு சட்டம் 1947ல வந்ததுல இருந்து (2025 நவம்பர்ல தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதோட எடத்துக்கு வந்துருச்சு) அந்தத் தாளுக்கு சட்டத்துல ஒரு மதிப்பு உண்டு, தொழிலாளர் துறை அதிகாரி முன்னால போட்ட ஒப்பந்தத்தை "12(3) ஒப்பந்தம்"னு சங்கத்துக்காரங்க சொல்லுவாங்க, அது சங்கத்துல இல்லாத தொழிலாளியையும் அப்புறம் வேலைக்கு வர்ற ஆளையும் சேத்தே கட்டுப்படுத்தும்.

நமக்கு என்ன நடக்குது? போராட்டம் அறிவிச்சா அமைச்சர் கூப்பிடுவாரு, தலைமைச் செயலகத்துல உக்கார வச்சு டீ குடுப்பாங்க, கோரிக்கை மனுவை வாங்கிக்கிட்டு "முதலமைச்சர் கவனத்துக்குக் கொண்டு போறோம், பரிசீலிக்கிறோம்"ம்பாங்க, தலைவருங்க வெளிய வந்து மைக் முன்னாடி "பேச்சுவார்த்தை நம்பிக்கை தருது"ன்னு சொல்லுவாங்க. உள்ள என்ன பேசுனாங்கங்கறதுக்கு ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்ட ஒரு தாளு கிடையாது. அப்புறம் எப்பவோ ஒரு ஜிஓ (அரசாணை) வரும், இல்லைன்னா வராது. வந்தாலும் அது "ஆணையிடப்படுகிறது"தான், ஒப்பந்தம் இல்ல. அரசாங்கம் தானா மனசு வந்து குடுத்தது, நாளைக்கு இன்னொரு ஜிஓ போட்டு எடுத்துக்கலாம். 2020 ஏப்ரல்ல கொரோனா சமயத்துல ஈட்டிய விடுப்பு சரண்டரை (சேத்து வச்ச லீவைக் குடுத்துட்டுக் காசு வாங்கிக்கறதை) நிறுத்துனாங்க, அகவிலைப்படியை நிறுத்தி வச்சாங்க. அன்னைக்கு அரசாங்கத்துக்கிட்ட காசு இல்லைங்கறது நெசம், நாட்டுக்கே கஷ்டம், நம்ம ஆளுங்க யாரும் அதை மறுக்கல. ஆனா ஒரு வருசத்துக்குன்னு சொல்லி நிறுத்துன சரண்டர் அப்புறம் வருசக்கணக்கா வராமயே கெடந்துச்சு. இத்தனை மாசம் நிறுத்தறோம், இன்ன தேதியில திருப்பித் தர்றோம்னு சங்கத்தோட உக்காந்து எழுதியிருந்தா நாம ஒத்துக்கிட்டிருக்க மாட்டமா? எழுதச் சொல்லிக் கேக்க நமக்கு உரிமை இல்லை, அதுதான் விசயம்.

உங்களையே எடுத்துக்குங்க அம்மணி. நீங்க இடைநிலை ஆசிரியைன்னு எழுதியிருக்கீங்க, எந்த வருசம் சேந்தீங்கன்னு எழுதலை. 2009 மே 31க்குள்ள சேந்தவங்களுக்கு அடிப்படைச் சம்பளம் 8,370, ஜூன் 1ல இருந்து சேந்தவங்களுக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே க்ளாஸ், ஒரே பாடம், பக்கத்து பக்கத்து ரூம், ஒரு நாள் வித்தியாசத்துல 3,170 ரூபா அடிப்படையிலேயே போச்சு, அதுமேல ஏறுற அகவிலைப்படியும் சேந்து போச்சு. ஒரு மில்லுலயோ கம்பெனியிலயோ ஒரே மெஷின்ல நிக்கற ரெண்டு பேருக்கு இப்பிடி ரெண்டு சம்பளம்னு ஒப்பந்த மேசையில யாராவது சொன்னா அன்னைக்கே பேச்சு முறிஞ்சு போயிருக்கும். நமக்கு மேசையே இல்லாததால அது வருசக்கணக்கா போராட்டமாவே ஓடுது, குடும்பத்தோட மெட்ராஸ் போயி உண்ணாவிரதம் இருந்து மயக்கம் போட்டு ஆஸ்பத்திரியில சேந்து…

சட்டம் என்ன சொல்லுதுன்னும் கேக்கறவருக்கு சொல்லோணும். அரசியல் சட்டம் 19(1)(சி)ல சங்கம் வைக்கிற உரிமை எல்லாருக்கும் இருக்குது, நமக்கும். ஆனா 1961ல அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் போட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிருச்சுன்னா, சங்கம் வைக்கிறது அடிப்படை உரிமை, அந்தச் சங்கம் பேரம் பேசறதும் ஸ்ட்ரைக் பண்றதும் அந்த உரிமைக்குள்ள தானா வராது, அதையெல்லாம் சட்டம் போட்டுத்தான் தரோணும்னு. அடுத்த வருசம் 1962ல பீகார் அரசு ஊழியர் கேஸ் ஒண்ணுல, காமேஷ்வர் பிரசாத் கேஸும்பாங்க, அமைதியா ஆர்ப்பாட்டம் பண்றதைத் தடுக்கக் கூடாது, ஆனா ஸ்ட்ரைக்குக்கு அடிப்படை உரிமை இல்லைன்னும் சொல்லியாச்சு. ஆகக்கூடி வீடு கட்டிக்கலாம், வாசல் வைக்கிறதுக்கு அரசாங்கம் அனுமதி தரோணும், அந்த நெலமைதான் நமக்கு 60 வருசத்துக்கு மேல.

கேள்வி: 2003 ஸ்ட்ரைக்கைப் பத்தி என் பேத்தி கேக்குது, அவ இப்ப பி.எட். படிக்கறா. எனக்கு வயசாயிருச்சு, கோர்வையா சொல்ல வரலை. நீங்க எழுதினா காட்டுவேன்.
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தாராபுரம்

பதில்: ஐயா, நீங்க பட்டதை நானும் பட்டவ, அதனால எழுதறேன், பேத்திகிட்ட குடுங்க.

அந்த வருசம் பென்சன், சரண்டர் மாதிரி இருந்த சலுகைகளைக் குறைச்சு உத்தரவு வந்துச்சு. பேசிப் பாத்தாச்சு, மனு குடுத்தாச்சு, ஒண்ணும் நடக்கல. ஜாக்டோ-ஜியோ, கோட்டா-ஜியோன்னு டீச்சர், அரசு ஊழியர் சங்கங்களோட ரெண்டு கூட்டமைப்பும் சேந்து 2003 ஜூலை 2ந்தேதி ஸ்ட்ரைக்கை ஆரம்பிச்சாங்க. அதுக்கு முந்தின வருசமே டெஸ்மான்னு அத்தியாவசியப் பணிச் சட்டம் போட்டு வச்சிருந்தாங்க, ஜூலை 4ந்தேதி அதைத் திருத்தி ஒரு அவசரச் சட்டம் வந்துச்சு, ஸ்ட்ரைக்ல இருக்கறவங்களை விசாரணை ஒண்ணும் இல்லாமயே டிஸ்மிஸ் பண்ணலாம்னு. 1,70,000 பேருக்குக் கிட்ட வேலை போச்சு. உலகத்துல வேற எங்கயாவது ஒரே வீச்சுல இத்தனை பேரை அனுப்பியிருப்பாங்களான்னு அன்னைக்கு நாங்க பேசிக்குவோம்.

லிஸ்ட்டை ஒரு ஆபீஸ் வாசல்ல ஒட்டியிருந்தாங்க. எங்க ஊட்டுக்காரர் டிவிஎஸ் எக்ஸெல்ல என்னைக் கூட்டிட்டுப் போனாரு, மழை தூறிட்டு இருந்துச்சு, மை ஊறி பாதிப் பேரு அழிஞ்சு போயிருந்துச்சு, அவரு விரலை வச்சு ஒவ்வொரு வரியா இறக்கிட்டே வந்து என் பேருல நிறுத்துனாரு. ஒண்ணும் பேசல. திரும்பி வர்றப்ப வண்டியை ஒரு பேக்கரி முன்னால நிறுத்தி எனக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்தாரு.

கேஸ் ஐகோர்ட் போச்சு, அங்க நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னாங்க, அந்தத் தீர்ப்பாயத்துல அன்னைக்கு இருந்தது ஒரே ஒரு உறுப்பினர், இத்தனை லட்சம் பேரு ஒத்தை ஆளுகிட்ட எங்க போய் நிக்கறது? அப்புறம் சுப்ரீம் கோர்ட். டி.கே.ரங்கராஜன் கேஸுன்னு அதுக்குப் பேரு, 2003 ஆகஸ்ட் 6ந்தேதி தீர்ப்பு. அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் பண்ண அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக நியாயமும் இல்லைன்னு எழுதிட்டாங்க. பெரும்பாலானவங்களை அரசாங்கம் திரும்ப எடுத்துக்க ஒத்துக்கிச்சு, ஆனா நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதித் தரோணும், நடத்தை விதி 22க்குக் கட்டுப்படறேன்னு உறுதிமொழி தரோணும். விதி 22ன்னா 1973ம் வருசத்து அரசு ஊழியர் நடத்தை விதியில ஸ்ட்ரைக் கூடாதுங்கற விதி. கடைசியில 6,000 பேருக்கு மேல அப்பவும் வெளிய நின்னாங்க, அவங்க கேஸைப் பாக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளைப் போட்டாங்க.

அந்த மன்னிப்பை நான் சமையக்கட்டுல உக்காந்து எழுதுனேன். எம் பொண்ணு அப்ப எட்டாவது. "நீ எதுக்கும்மா சாரி எழுதற, நீ என்ன தப்பு பண்ணுன"ன்னு கேட்டா. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அந்தக் கேள்விக்கு பதில் இல்லீங்க. வேலை வேணும், லோன் இருந்துச்சு, எழுதிட்டேன். ரெண்டு தரம் எழுத வேண்டியதாப் போச்சு, மொதல் தாள்ல கை நடுங்கி எழுத்துக் கோணிப் போச்சு, அத்தனை வருசம் கரும்பலகையில கோடு போட்ட மாதிரி எழுதுன கை.

பேத்திகிட்ட ஒண்ணு சொல்லுங்க ஐயா. அந்தத் தீர்ப்பு ஸ்ட்ரைக் கூடாதுன்னு சொல்லுச்சு, சட்டத்துல இருக்கற வேற வழியில குறையைத் தீத்துக்கணும்னு சொல்லுச்சு. அப்பிடின்னா அந்த வேற வழி உருப்படியா இருக்கோணுமா இல்லையா? ஒரு கதவைப் பூட்டறப்ப இன்னொரு கதவைத் திறந்து வைக்கோணும், நமக்கு அந்த ரெண்டாவது கதவை இன்னும் யாரும் வச்சுத் தரலை. அதுக்கு மாதிரி நம்ம நாட்டுலயே இருக்குது. 1960ல மத்திய அரசு ஊழியர் பெரிய ஸ்ட்ரைக் நடந்துச்சு, அதுக்கப்புறம் 1966ல ஜேசிஎம்னு கூட்டு ஆலோசனை அமைப்பு ஒண்ணு மத்திய அரசு கொண்டு வந்துச்சு. அதுல அரசுத் தரப்பும் ஊழியர் தரப்பும் ஒரே மேசையில உக்காருவாங்க, சம்பளம் படி, வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, லீவு, இந்த மூணுல ஒத்துப் போகலைன்னா நடுவர் குழுவுக்குப் போகும், அந்தக் குழு சொன்னது ரெண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தும், பார்லிமெண்ட் மட்டும்தான் அதை மாத்த முடியும். குறை அதுலயும் உண்டு, ஆனா நம்ம மாநிலத்துல டீச்சருங்களுக்கு அந்த மாதிரி ஒண்ணு வேணும், அதைத்தான் நான் இத்தனை வருசமா கேட்டுட்டு இருக்கேன். ஸ்ட்ரைக் பண்ணாதேன்னா சரி, நடுவரைக் குடு.

கேள்வி: நாங்க தோட்டத்துல கூலி வேலைக்குப் போறவங்க. எம்பட பையன் அஞ்சாவது, கவர்மெண்ட் ஸ்கூல். நீங்க ஸ்ட்ரைக் பண்ணுனா ஸ்கூல் பூட்டிக் கெடக்குது. சம்பளம் மாசமானா வருது உங்களுக்கு, எங்களுக்கு ஒரு நாள் போகலைன்னா அன்னைக்கு கூலி இல்லை. உங்களுக்கு எதுக்கு இன்னும் உரிமை?
— ஒரு அம்மா, காங்கேயம் பக்கம்

பதில்: அம்மணி, நீங்க கோவமா எழுதியிருக்கீங்க, அந்தக் கோவத்துல நாயம் இருக்குது. 2019 ஜனவரி 22ல இருந்து 30 வரைக்கும் ஸ்ட்ரைக் நடந்தப்ப செய்முறைத் தேர்வு நெருங்கற நேரம், பெத்தவங்க கேட் முன்னால வந்து நின்னாங்க. கவர்மெண்ட் ஸ்கூல் பூட்டுனா போறதுக்கு வேற எடம் இல்லாத கொழந்தைங்கதான் நம்ம கொழந்தைங்க, வசதி இருக்கறவங்க வேன்ல ஏத்தி விட்டுட்டாங்க. அது எனக்கு ஒவ்வொரு தரமும் நெஞ்சுல குத்துனது. 2003ல வேலைக்குத் திரும்பிப் போன அன்னைக்கு ஒண்ணாவது பையன் ஒருத்தன் என் சேலையைப் புடிச்சுக்கிட்டு "டீச்சர், நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்"னு சொன்னான்.

ஆனா ஒண்ணு ரோசனை பண்ணுங்க. உங்க பையன் ஸ்கூல்ல எத்தனை டீச்சரு? அஞ்சு க்ளாஸுக்கு ரெண்டு பேருதான் இருப்பாங்க, 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டப்படியே 60 கொழந்தை வரைக்கும் ரெண்டு பேரு போதும். அந்த ரெண்டு பேருல ஒருத்தர் பிஎல்ஓங்கற தேர்தல் வேலைக்கு வாக்காளர் லிஸ்ட் எடுத்துக்கிட்டு தெருவுல இருப்பாரு, இன்னொருத்தர் எமிஸ்ங்கற கல்வித்துறை ஆன்லைன் பதிவேட்டுல பதிவு ஏத்த சிக்னல் தேடி மரத்தடியில நிப்பாரு, அஞ்சு க்ளாஸும் ஒரு ரூம்ல கத்திட்டு இருக்கும். இதை மாத்துங்கன்னு நாங்க கேட்டுட்டுத்தான் இருக்கோம், பேப்பர்காரங்க சம்பளத்தை மட்டும் எழுதறாங்க. கூட்டு பேரம்னா சம்பளம் மட்டும் இல்ல அம்மணி. ஒரு ரூம்ல எத்தனை கொழந்தை, க்ளாஸுக்கு ஒரு டீச்சரா இல்லையா, கக்கூஸ் கழுவ ஆள் உண்டா, இதெல்லாம் மேசை மேல வைக்கலாம்.

அமெரிக்காவுல சிகாகோன்னு ஒரு ஊரு, அங்க 2019ல கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சருங்க 11 பள்ளி நாள் ஸ்ட்ரைக் பண்ணுனாங்க. அவங்க கேட்டதுல முக்கியமானது என்ன தெரியுமுங்களா, எல்லா ஸ்கூலுக்கும் ஒரு நர்சு, ஒரு சமூகப் பணியாளர், க்ளாஸ்ல கொழந்தைங்க எண்ணிக்கைக்கு ஒரு கட்டுப்பாடு. அது ஒப்பந்தத்துல எழுத்தா ஏறுச்சு. உங்க பையன் கீழ விழுந்து முட்டியில ரத்தம் வந்தா இங்க மஞ்சளை வச்சுக் கட்டறது நாங்கதான். எங்களுக்கு எழுதி வாங்கற உரிமை இருந்தா அதுல மொதல் வரி உங்க பையனுக்கானதா இருக்கும்னு நான் சொல்றேன், அப்பிடி இல்லைன்னா எங்க சங்கக் கூட்டத்துக்கே வந்து கேளுங்க.

கேள்வி: நான் கோயமுத்தூர்ல ஐடியில இருக்கேன். அமெரிக்காவுல டீச்சர்களுக்கு பேரம் பேச சட்டமே இருக்குன்னும், சில மாநிலத்துல அதைப் பிடுங்கிட்டாங்கன்னும் படிச்சேன். எது சரிங்க?
— வாசகர், சரவணம்பட்டி

பதில்: ரெண்டும் சரிதானுங்க தம்பி. அங்க தனியார் கம்பெனித் தொழிலாளிக்கு 1935லயே நாடு பூராவுக்கும் ஒரு சட்டம் வந்துருச்சு, ஆனா அது மாநில அரசு ஊழியருக்குச் செல்லாது, அதனால டீச்சருங்க கதை ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. 1959ல விஸ்கான்சின் மாநிலம்தான் மொதல்ல பொதுத்துறை ஊழியருக்கு பேரம் பேசற உரிமையை சட்டமாக் குடுத்துச்சு. அதே விஸ்கான்சின் 2011ல ஆக்ட் 10னு ஒண்ணு போட்டு அதுல பெரும்பகுதியைப் பிடுங்கிருச்சு. அடிப்படைச் சம்பளத்தைத் தவிர வேற எதையும் பேசக் கூடாது, அதுவும் விலைவாசி ஏறுன அளவுக்கு மேல போகக் கூடாது, சங்கம் இருக்கோணுமா வேண்டாமான்னு வருசா வருசம் ஓட்டெடுப்பு வேறன்னு. மேடிசன்ல சட்டசபைக் கட்டடத்துக்குள்ளயே டீச்சருங்களும் மாணவருங்களும் பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு வாரக்கணக்கா போராடுனாங்க, ஆனாலும் நிறைவேத்திட்டாங்க. நார்த் கரோலினாவுல அரசு ஊழியர் ஒப்பந்தமே செல்லாதுன்னு அதே 1959ல சட்டம் போட்டது. நியூயார்க்ல டெய்லர் சட்டம் 1967, பேரம் பேசலாம், ஸ்ட்ரைக் பண்ணுனா ஒரு நாளுக்கு ரெண்டு நாள் சம்பளம் புடிப்பாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது வெஸ்ட் வர்ஜீனியா. அங்க பேர உரிமையும் இல்லை, ஸ்ட்ரைக் உரிமையும் இல்லை, நம்மளை மாதிரியேதான். 2018 பிப்ரவரியில 55 கவுண்டியிலயும், நம்ம ஊரு தாலுகா மாதிரி வச்சுக்கங்க, ஒண்ணு விடாம ஸ்கூலை நிறுத்திட்டாங்க. நிறுத்தறதுக்கு முன்னால என்ன பண்ணுனாங்கன்னா, ஸ்கூல் சாப்பாட்டை நம்பியிருக்கற கொழந்தைங்க பட்டினி கெடக்கக் கூடாதுன்னு டீச்சருங்களே பையில சாப்பாடு கட்டி வீட்டுக்கு அனுப்புனாங்க. காங்கேயத்து அம்மா இதைப் படிக்கோணும். ஒம்பது பள்ளி நாள், 5 சதவீத உயர்வு, அதுவும் டீச்சருக்கு மட்டும் இல்ல, அந்த மாநிலத்து அரசு ஊழியர் எல்லாருக்கும்.

ஜெர்மனி கேஸும் தெரிஞ்சுக்கங்க. அங்க நிரந்தர அரசு டீச்சருக்கு ஸ்ட்ரைக் கிடையாது. நாலு டீச்சருங்க ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் வரைக்கும் போனாங்க, 2023 டிசம்பர்ல தோத்துட்டாங்க. ஆனா ஏன் தோத்தாங்கங்கறதைப் பாக்கோணும். அங்க அரசு ஊழியர் சட்டம் எழுதறப்பவே சங்கத்தைக் கேட்டுத்தான் எழுதோணும்னு சட்டம் இருக்குது, நாயமான சம்பளம் தரலைன்னா தனி ஆளே கோர்ட்டுக்குப் போகலாம், இதெல்லாம் இருக்கறதால ஸ்ட்ரைக் தடை செல்லும்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல தடையை மட்டும் எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு ஈடா குடுக்க வேண்டியது எதையும் குடுக்கல. 1966 அக்டோபர் 5ந்தேதி யுனெஸ்கோவும் ஐஎல்ஓங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து ஆசிரியர் நிலை பத்தி ஒரு பரிந்துரை நிறைவேத்துனாங்க, டீச்சர் சம்பளமும் வேலை நிலைமையும் சங்கத்தோட பேசித்தான் முடிவு பண்ணோணும்னு அதுல தெளிவா இருக்குது. உலகம் பூரா அந்தத் தேதியைத்தான் ஆசிரியர் தினமாக் கொண்டாடுது. நாம செப்டம்பர் 5 கொண்டாடறோம், மாலை போடறாங்க, நல்லாசிரியர் விருது குடுக்கறாங்க, சந்தோசம்தான், ஆனா அந்தப் பரிந்துரையைப் பத்தி எந்த மேடையிலயும் ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்லை. சங்கம் வைக்கிறதுக்கும் கூட்டு பேரத்துக்குமான ஐஎல்ஓ ஒப்பந்தங்கள் 87ம் 98ம் 1948லயும் 1949லயும் வந்தது, இந்தியா இன்னும் ரெண்டுலயும் சேரலை. அரசு ஊழியர் பேர உரிமைக்குன்னே 1978ல வந்த 151லயும் சேரலை.

கேள்வி: நான் தனியார் மெட்ரிக் ஸ்கூல் டீச்சர். எங்களுக்கு சங்கமே இல்லை. நாங்க எங்க போறது?
— நாமக்கல்

பதில்: உங்க நெலமை எங்களை விட மோசம் கண்ணு. 1988ல சுந்தராம்பாள் கேஸ்னு ஒண்ணு, கோவாவுல ஒரு டீச்சரம்மா போட்டது. ஸ்கூல் தொழில் நிறுவனம்தான், ஆனா டீச்சர் "தொழிலாளி" இல்லை, அது உன்னதமான பணின்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அதனால தொழில் தகராறு சட்டம் இருந்த வரைக்கும் அது உங்களுக்குச் செல்லலை. அதே ஸ்கூல்ல வேன் ஓட்டற அண்ணனுக்குச் செல்லுச்சு. கிராஜுவிட்டி (பணிக்கொடை) கூட டீச்சருக்கு இல்லைன்னு 2004ல தீர்ப்பு வந்து, 2009ல பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தி, 1997ல இருந்து முன்தேதியிட்டு அதை வாங்கிக் குடுத்துச்சு. அதனால ஒண்ணு மட்டும் உடனே செய்யுங்க, அஞ்சு வருசம் முழுசா முடிச்சிருந்து வேலையை விட்டு வர்றீங்கன்னா கிராஜுவிட்டியை எழுத்துல கேட்டு வாங்குங்க. அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர், சம்பள ரசீது, பேங்க் பாஸ்புக் எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கங்க.

கேள்வி: 2012ல பகுதிநேர ஓவிய ஆசிரியரா சேந்தவன். இன்னும் பகுதிநேரம்தான். எங்களுக்காக யாராவது பேரம் பேசுவாங்களா?
— அந்தியூர்

பதில்: தம்பி, உங்க கடுதாசியோட ஓரத்துல நீங்க வரைஞ்சு அனுப்புன அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைப் படத்தை என் பேரன் செவுத்துல ஒட்டி வச்சிருக்கான்.

அன்னைக்கு ஓவியம், உடற்கல்வி, கம்ப்யூட்டர், தையல்னு 16,549 பேரை எடுத்தாங்க, மாசம் 5,000 ரூபா. 2012ல சேந்தப்ப கல்யாணம் ஆகாத பசங்க, இன்னைக்கு அவங்க கொழந்தைங்க ஹைஸ்கூல் போகுது, இடையில ரெண்டாயிரம் மூவாயிரம்னு ஏத்துனாங்களே தவிர நிரந்தரம்ங்கற வார்த்தை வரலை. தேர்தல் வந்தா வாக்குறுதி வரும், முடிஞ்சா மறுபடி மெட்ராஸ்ல டிபிஐங்கற கல்வித்துறைத் தலைமை ஆபீஸ் வளாகத்துல நீங்க உக்காந்திருப்பீங்க.

உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்றேன், வலிச்சாலும் பொறுத்துக்கங்க. பெரிய சங்கங்களோட கோரிக்கைப் பட்டியல்ல உங்க பேரு இருக்கும், ஆனா கீழ இருக்கும். பேச்சுவார்த்தையில பத்துக் கோரிக்கை போனா மேல இருக்கற ரெண்டுதான் பேசுவாங்க, அப்புறம் நேரமாயிரும். முழுநேரக்காரங்க நாங்க இதுல தப்பு பண்ணியிருக்கோம், நானே பண்ணியிருக்கேன். என் வட்டாரத்துல 2014ல ஒரு பகுதிநேர தையல் டீச்சர் சந்தா கட்டறேன்னு வந்தாங்க, விதியில எடம் இல்லைன்னு திருப்பி அனுப்புனோம். விதியை நாங்கதானே எழுதுனோம், திருத்தியிருக்கலாம். நிரந்தரம் இல்லாதவனை வெளிய நிறுத்தி வச்சுட்டு பேரம் பேசப் போனா எதிர்ல இருக்கறவங்களுக்கு நல்லாத் தெரியும், இவங்க நின்னாலும் ஸ்கூலை அவங்களை வச்சு ஓட்டிக்கலாம்னு. திருப்பூர் ஒப்பந்தம் டெய்லருக்கு மட்டும் போடறதில்லை தம்பி, கட்டிங், அயர்னிங், செக்கிங், கைமடிக்கிற ஹெல்ப்பர் வரைக்கும் போடறாங்க. உங்க வட்டாரத்துல எல்லாச் சங்கத்துக்கும் ஒரே கடுதாசி எழுதுங்க, உறுப்பினரா சேத்துக்குவீங்களா மாட்டீங்களான்னு, பதிலை எனக்கு அனுப்புங்க, இங்கயே போடறேன்.

கேள்வி: டீச்சர், நான் வேலைக்குச் சேந்து ஒண்ணரை வருசம்தான் ஆச்சு, மலை மேல ஸ்கூல். சங்கத்துல சேரச் சொல்றாங்க, வீட்ல 17பி குடுத்துருவாங்கன்னு பயப்படறாங்க. ஏழெட்டுச் சங்கம் இருக்கு, எதுல சேரறதுன்னும் தெரியலை. கூட்டத்துக்கும் போக முடியலை.
— தாளவாடி

பதில்: சங்கத்துல சேர்றதுக்கு யாரும் 17பி குடுக்க முடியாது சாமி, அது உங்க அரசியல் சட்ட உரிமை, மேல சொல்லியிருக்கேன். 17பிங்கறது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ, ஸ்ட்ரைக்ல கலந்துக்கிட்டா வரலாம், 2019ல நெறையப் பேருக்கு வந்துச்சு, நின்ன நாளுக்கு சம்பளமும் புடிப்பாங்க. லீவு நாள்லயோ சாயங்காலம் ஸ்கூல் விட்டதுக்கு அப்புறமோ அனுமதி வாங்கி நடக்கற ஆர்ப்பாட்டம் வேற, வேலைநிறுத்தம் வேற, வீட்டுல இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லுங்க. தகுதிகாண் பருவம் முடியற வரைக்கும் ஸ்ட்ரைக் விசயத்துல உங்க சொந்த முடிவு எதுவானாலும் உங்களை யாரும் கோழைன்னு சொல்லக் கூடாது, சொன்னா அந்தச் சங்கம் வேண்டாம்.

ஏழெட்டு இல்ல, எண்ணுனா இன்னும் கூட இருக்கும். இடைநிலைக்கு ஒண்ணு, பட்டதாரிக்கு ஒண்ணு, முதுகலைக்கு ஒண்ணு, தலைமையாசிரியருக்கு ஒண்ணு, பதவி கிடைக்காதவர் பிரிஞ்சு போய் ஆரம்பிச்சது நாலு. கூட்டு பேரத்துக்கு சட்டம் வராததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் மனசாரச் சொல்றேன், "யாரோட பேசறது"ன்னு அரசாங்கம் கேட்டா நம்மகிட்ட பதில் இருக்கோணும். ஒரு காலத்துல சட்ட மேலவையில டீச்சருங்களுக்குன்னு தனித் தொகுதி இருந்துச்சு, ஹைஸ்கூல்லயும் அதுக்கு மேலயும் இருந்த டீச்சருங்க ஓட்டுப் போட்டு ஆளை அனுப்புனாங்க, 1986ல மேலவையைக் கலைச்சதோட அந்தக் குரலும் போச்சு.

எதுல சேரறதுன்னு நான் பேரு சொல்ல மாட்டேன். மூணு கேள்வி கேளுங்க. போன வருச வரவு செலவுக் கணக்கை உறுப்பினருக்குக் காட்டுனாங்களா? பொறுப்புல பொம்பளைங்க எத்தனை பேரு, அதுல வட்டாரச் செயலாளர் தலைவர்னு முடிவெடுக்கற எடத்துல எத்தனை பேரு, மகளிரணியோட நிறுத்திட்டாங்களா? பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) கிட்டயோ சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) கிட்டயோ பேசிட்டு வந்தா பேசுனதை எழுதி உறுப்பினருக்கு அனுப்பறாங்களா? மூணாவதுதான் எனக்கு முக்கியம். மாநில அளவுல ஒப்பந்த உரிமை வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம், வட்டார அளவுல மாசாந்திர குறைதீர் கூட்டம் நடந்தா "இன்ன தேதி, இன்னார் இருந்தாங்க, இதை இத்தனை நாளுக்குள்ள முடிக்கறதா சொன்னாங்க"ன்னு ஒரு பக்கம் எழுதி ஆபீஸ்ல குடுத்து ஒப்புகை வாங்கிக்கலாம். நான் பொருளாளரா இருந்தப்ப ரெண்டு வருசம் அப்பிடிச் செஞ்சோம், பணிப்பதிவேட்டுல பதிவு போடாம கெடந்த பதினோரு பேரோட சோலி முடிஞ்சது.

கூட்டத்துக்குப் போக முடியலைன்னு எழுதியிருக்கீங்க. சத்தியமங்கலத்துல சாயங்காலம் அஞ்சரை மணிக்கு கூட்டம் வச்சா தாளவாடிப் பொண்ணு எப்பிடி வரும், வந்தா திம்பத்துல 27 ஹேர்பின் பெண்டு ஏறி எப்பத் திரும்பும்? இது உங்க குறை இல்ல. நீங்க சேர்ற சங்கத்துக்கு மொதல் கோரிக்கையா இதை எழுதிக் குடுங்க, மலையில இருக்கற டீச்சருங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு சனிக்கிழமை காலையில தாளவாடியிலயே கூட்டம் போடோணும், கீழ இருக்கற பொறுப்பாளருங்க மேல ஏறி வரோணும்னு. ஒத்துக்கிட்டாங்கன்னா தீர்மானப் புத்தகத்துல எழுதி செயலாளர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கங்க.